தாத்தாவின் கல்யாணப் படத்தை எடுத்து வாருங்கள்: மாப்பிள்ளைக்கும் தோழர்களுக்கும் பழைய காலத்து உடை

பழைய காலத்து உடையில் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு வருகிற மாப்பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பழைய காலம் என்பதுதான். 1940ஆ, 1955ஆ, 1975ஆ? பெரும்பாலும் பதிலாக செல்போனில் ஒரு படம் வரும். தோளில் சஸ்பெண்டர், கழுத்தில் போ டை, தலையில் தட்டைத் தொப்பி. கீழே பார்த்தால் இந்த வருஷத்து ஒட்டுப் பேன்ட். அந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் அழகானவைதான். ஆனால் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டால் பழைய காலம் என்று எதுவும் மிஞ்சாது.

உடைக்குக் காலத்தைக் கொடுப்பது வெட்டு. பேன்ட் இடுப்பில் எங்கே உட்காருகிறது, கோட்டின் பட்டன் எந்த உயரத்தில் பூட்டுகிறது, சட்டைக் காலரின் முனை எவ்வளவு நீளம், வேட்டிக் கரை எத்தனை விரல் அகலம். இந்த நாலும் சரியாக அமைந்தால் தொப்பியும் வேண்டாம், கடிகாரச் சங்கிலியும் வேண்டாம். மண்டபத்தில் நுழைகிற பெரியவர்களே "அப்படியே உங்க தாத்தா மாதிரி இருக்கியேடா" என்பார்கள்.

திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் ஆண்களுக்குத் தைக்கிற கடை எங்களுடையது. தாத்தா ஆரம்பித்தது, பிறகு அப்பா, இப்போது நான். தாத்தா துணி வெட்டிய மேஜைதான் இன்னும் என் மேஜை. அதனால் பழைய வெட்டு என்பது எனக்குப் படம் பார்த்துக் கற்றதல்ல. அவர் தைத்த கோட்டுகள் இன்னும் பழுது பார்க்க வருகின்றன. பிரித்துப் பார்க்கும்போது அவருடைய தையல் உள்ளே அப்படியே இருக்கும்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

படத்தை வாசிப்பது

வீட்டுப் பரணில் இருக்கிற கல்யாண ஆல்பத்தை இறக்குங்கள். தாத்தாவுடையது, பெரியப்பாவுடையது, அப்பாவுடையது. இணையத்தில் கிடைக்கிற படங்களைவிட இது எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், அந்த உடை உங்கள் உடம்புவாகுக்கும் உங்கள் ஊர் வெயிலுக்கும் உங்கள் வீட்டுச் சடங்குக்கும் ஏற்கெனவே பொருந்தி வந்த உடை. அதிலிருந்து ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தாத்தாவின் கோட்டும் இன்னொரு சித்தப்பாவின் பெல்பாட்டமும் சேர்ந்தால் இரண்டு காலமும் கெட்டுப்போகும்.

படத்தை பெரிதாக ஸ்கேன் செய்து பிரின்ட் எடுத்து வாருங்கள். முழு உருவம் தெரிகிற படமாக இருக்க வேண்டும். மார்பளவுப் படத்தில் கோட்டின் நீளமும் பேன்ட் விழுகிற விதமும் தெரியாது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பிலிம்களில் ஒரு வகைக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு, அரக்கு எல்லாம் கன்னங்கரேலென்று விழும். வேட்டிக் கரை கறுப்பாகத் தெரிகிறதே என்று கறுப்புக் கரை வாங்கிவிடாதீர்கள். கல்யாண வேட்டியாக இருந்தால் அது அரக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீட்டில் மூத்த பாட்டி யாராவது இருந்தால் கேளுங்கள். கல்யாணத்து நிறங்கள் அவர்களுக்கு மறக்கவே மறக்காது.

எப்போது தைக்கக் கொடுப்பது

ஆடியிலும் மார்கழியிலும் நம்மூரில் கல்யாணம் இல்லை. தையல்காரர் கை ஓய்வாக இருக்கிற மாதங்கள் அவைதான். ஆவணியில் முகூர்த்தம் என்றால் ஆனிக் கடைசியில் துணி வாங்கி ஆடி முதல் வாரம் கொடுத்துவிடுங்கள். தையில் என்றால் கார்த்திகையில் துணி, மார்கழியில் தையல். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் கொண்டுவர வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய மாதம் முழுவதுமே அப்படித்தான். அப்போது எந்தக் கடையிலும் உங்கள் கோட்டுக்கு நிதானமான கை கிடைக்காது.

சூட்டுக்குக் குறைந்தது இரண்டு ட்ரையல் கேளுங்கள். முதல் ட்ரையலில் கோட்டு வெறும் பாவுத் தையலில், அதாவது பிரித்துவிடக்கூடிய தற்காலிகத் தையலில் நிற்க வேண்டும். காலரும் கையும் நிரந்தரமாக ஏறிவிட்ட பிறகு காட்டுகிற ட்ரையலால் பயன் குறைவு.

முகூர்த்த உடை

இதில் நான் பிடிவாதக்காரன். கெட்டி ஜரிகை, அடுக்கடுக்காய் டிசைன், அரையடிக் கரை என்று இப்போது வருகிற பட்டு வேட்டிகள் பழைய படத்தில் இல்லவே இல்லை. 1940, 50களின் கல்யாணப் படங்களை உற்றுப் பாருங்கள். கரை ஒரு விரல், இரண்டு விரல் அகலம்தான். மயில்கண் கரை என்றால் ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் பச்சை, நடுவில் சிறு கண் போலப் புள்ளி ஓடும். துணியின் வெண்மையே அதன் கம்பீரம். சேலம் வெண்பட்டு என்று புவிசார் குறியீடே பெற்ற வேட்டி நம்மிடம் இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுக் கடைகளிலும், 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸிலும் மெல்லிய கரை வேட்டி கேட்டுப் பாருங்கள். முன்னால் அடுக்கியிருப்பதில் இல்லையென்றால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள்.

அளவு முழக் கணக்கில் சொல்லப்படும். ஒரு முழம் ஒன்றரை அடி. சாதாரணமாகக் கட்டுகிற இரட்டை வேட்டி 8 முழம். பஞ்சகச்சத்துக்கு 9க்கு 5 என்று கேட்க வேண்டும், அதாவது 9 முழ வேட்டியும் 5 முழ அங்கவஸ்திரமும். உயரமானவர்கள், இடுப்பு 38 இஞ்சுக்கு மேல் உள்ளவர்கள் 10க்கு 6 வாங்குங்கள். 9 முழத்தில் கட்டாயமாகக் கட்டினால் மணையில் சம்மணம் போட்டு உட்காரும்போது முழங்காலில் இழுக்கும்.

ஜரிகையைச் சோதிக்க ஒரு வழி. கரையின் வெட்டு முனையில் ஒரு இழையை உருவி நகத்தால் அழுத்திச் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. வெள்ளை நைலான் மாதிரி இழை தெரிந்தால் அது விலை குறைந்த ஜரிகை. விலை குறைந்ததை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை ஜரிகைக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம். பட்டு வாங்க முடியாவிட்டால் நல்ல பருத்தி வேட்டி வாங்குங்கள், பாலியஸ்டர் கலந்த பளபளப்பை மட்டும் தவிருங்கள். ஹோமத் தீயின் முன்னால் உட்காரப் போகிறீர்கள். பொறி பட்டால் பட்டும் பருத்தியும் கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

பஞ்சகச்சம் கட்டுவதை எழுத்தில் முழுமையாகக் கற்றுத்தர முடியாது. ஆனாலும் வரிசையைச் சொல்கிறேன். வேட்டியை முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து இரண்டு முனையும் முன்னால் வரும்படி பிடித்து, தொப்புளுக்கு நேரே இறுக்கமாக ஒரு முடிச்சு. ஒரு பக்கத்து முனையைக் கொசுவி, கரை வெளியே தெரிய, கால்களுக்கு நடுவே பின்னால் கொண்டுபோய் முதுகின் நடுவில் செருக வேண்டும். மறுபக்கத்து முனையைக் கொசுவி முன்னால் செருக வேண்டும். மீதித் தொங்கலின் ஓரத்தை மடித்து மேலே ஏற்றிச் செருகினால் விசிறி மடிப்பு நிற்கும். எந்தப் பக்கம் முதலில், எத்தனை கொசுவம் என்பதெல்லாம் ஐயர் வீட்டில் ஒரு மாதிரி, ஐயங்கார் வீட்டில் ஒரு மாதிரி. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு வாரம் முன்னதாகவே பழகுங்கள், அதுவும் பழைய பருத்தி வேட்டியில். புதுப் பட்டு வழுக்கும். பழகாத கைக்கு முதல் நாளே அது அடங்காது. தையல் போட்ட பஞ்சகச்சம் விற்கிறார்கள், நானே தைத்தும் கொடுக்கிறேன். ஆனால் அதில் கொசுவம் ஒரே சீராக, பள்ளிச் சீருடை போல விழும். கையால் கட்டியதில் ஒரு அலை இருக்கும். அந்த அலைக்காகவே கட்டிப் பழகச் சொல்கிறேன்.

மற்ற வீடுகளில் தட்டுச்சுற்றாக, முன்னால் ஒரு மடிப்பு வைத்துக் கட்டுவார்கள். கொங்குப் பக்கம் உருமால் என்கிற தலைத்துணி கட்டுகிற சீர் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கும் தலைப்பாகை இன்றும் கட்டாயம். அந்தந்த வீட்டில் என்ன உண்டோ அதையே எடுங்கள். இல்லாத வீட்டில் ராஜஸ்தானி வாலுள்ள பாகையைக் கொண்டுவந்து வைத்தால் முழு உடையும் வேறு ஊருக்குப் போய்விடும். தலைப்பாகை வேண்டும் என்கிறவர்கள் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் படத்தைப் பாருங்கள். அளவெடுத்த மடிப்பு, வெள்ளை, வால் இல்லை. அதற்கு மல் துணி போதும், கஞ்சி லேசாக. பாரதி கட்டியிருக்கிற முண்டாசு அழகானது, ஆனால் அது மாலையோடு மணிக்கணக்கில் உட்காருவதற்கு நிற்காது.

மேலே என்ன? அங்கவஸ்திரம் மட்டும் போர்த்துவது ஒன்று. அது பிடிக்காதவர்களுக்கு என் பரிந்துரை பட்டு ஜிப்பா. தியாகராஜ பாகவதர் எங்கள் திருச்சிக்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்கிற ஊர் இது. மாயவரத்தில் பிறந்தவர், வாழ்ந்தது இங்கே. அவர் காலத்து ஜிப்பாவுக்கு முழங்கால் வரை நீளம், நேராக விழுகிற உடம்பு, தோளுக்குக் கீழே இறங்கிய கைத்தையல், அக்குளில் சதுரத் துண்டு. இப்போது தைக்கிற ஜிப்பாக்கள் உடம்பைப் பிடித்து, சட்டை மாதிரி தோள் வைத்திருக்கும். அளவு கொடுக்கும்போது "அக்குள் துண்டு வைத்து, லூசாக" என்று சொல்லுங்கள். 36 இஞ்ச் அகலப் பட்டு என்றால் மூன்றரை மீட்டர் வேண்டும். முன்பட்டியில் பட்டன் தைக்காமல் இரு பக்கமும் காஜா மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பீரோவில் தாத்தாவின் தங்கப் பொத்தான் செட் கிடந்தால் அதைப் பூட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்கு அதைச் செய்து போடுகிற வழக்கம் பல வீடுகளில் இருந்தது, அதனால் தேடினால் கிடைக்கும்.

வேட்டி நழுவும் என்று பயப்படுகிறவர்கள் அகலமான பச்சை பெல்ட்டை உள்ளே கட்டிக்கொள்வார்கள். மெல்லிய வெண்பட்டுக்குள் அந்தப் பச்சை வெளியே தெரியும். சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ வாங்குங்கள்.

மாப்பிள்ளை அழைப்புக்குச் சூட்

சூட் வெளிநாட்டு வழக்கம், பழைய தமிழ்க் கல்யாணத்தில் அதற்கு இடமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இடம் இருந்தது. ஜானவாசத்தன்று, அதாவது மாப்பிள்ளை அழைப்பன்று, மாப்பிள்ளை சூட் போட்டு, திறந்த காரில், முன்னால் நாதஸ்வரமும் இரு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்குமாக ஊர்வலம் வந்தது நம் வீடுகளில்தான். அந்தச் சூட்டைப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுப்பார்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் சர்ச்சுக்கே சூட்தான். ஆகவே பழைய பாணிச் சூட்டுக்கு உரிய நேரம் மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும். காலையில் வேட்டி, மாலையில் சூட் என்று இரண்டையும் ஒரே பத்தாண்டிலிருந்து எடுத்தால் இரண்டு ஆல்பமும் ஒன்றோடொன்று பேசும்.

இப்போது இடுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. இன்றைய பேன்ட் இடுப்பெலும்புக்குக் கீழே உட்காருகிறது. 1940, 50களின் பேன்ட் தொப்புளில் உட்கார்ந்தது. முன்பக்க உயரம், அதாவது கவட்டிலிருந்து இடுப்புப் பட்டி வரை, இன்று 9, 10 இஞ்ச். அன்று 12, 13 இஞ்ச். இந்த மூன்று இஞ்ச்தான் மனிதனின் காலை நீளமாகக் காட்டும், தொப்பையை மூடும், கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் நடுவே சட்டை எட்டிப் பார்க்காமல் காக்கும். அளவெடுக்கும்போது நீங்கள் போட்டிருக்கிற பேன்ட்டின் மேலேயே டேப்பைச் சுற்றவிடாதீர்கள். தொப்புளில் கை வைத்து "இங்கே" என்று காட்டுங்கள். தையல்காரர் ஒருமுறைக்கு இருமுறை கேட்பார். உறுதியாகச் சொல்லுங்கள்.

முன்னால் பக்கத்துக்கு இரண்டு ப்ளீட் (இடுப்புப் பட்டிக்குக் கீழே வைக்கிற மடிப்பு), கீழே ஒன்றரை இஞ்ச் மடிப்பு, கால் சுற்றளவு 21 முதல் 22 இஞ்ச். பெல்ட் லூப் வேண்டாம். இடுப்புப் பட்டிக்கு உள்ளே சஸ்பெண்டருக்கு ஆறு பட்டன், முன்னால் நாலு, பின்னால் இரண்டு. சஸ்பெண்டர் அந்தக் காலத்தில் வெளியே காட்டுகிற நகை அல்ல, கோட்டுக்குள் மறைந்து வேலை செய்கிற கருவி. க்ளிப் வைத்தது வேண்டாம், அது பட்டியைக் கடித்து இழுக்கும்.

1960களின் ஆரம்பம் என்றால் கணக்கு மாறும். கால் சுற்றளவு 15, 16 இஞ்சாக இறங்கும், ப்ளீட் போய்விடும், கோட்டின் லேப்பல், அதாவது காலரிலிருந்து மார்பில் மடிந்து விழுகிற பட்டை, இரண்டரை இஞ்சாகச் சுருங்கும். குழாய் பேன்ட் என்று நம் அப்பாக்கள் சொன்னது அதுதான். 1970கள் என்றால் தொடையில் பிடித்து முழங்காலுக்குக் கீழே விரிகிற பெல்பாட்டம், 24 இஞ்சுக்கு மேல், லேப்பல் நாலு இஞ்சைத் தாண்டும். பெல்பாட்டம் அழகாகத் தைக்கலாம். ஆனால் விரிவு முழங்காலில் ஆரம்பிக்க வேண்டும், அதற்கு மேலேயோ கீழேயோ ஆரம்பித்தால் வேஷம் ஆகிவிடும்.

கோட்டுக்கு என் முதல் விருப்பம் 1950களின் டபுள் ப்ரெஸ்ட், அதாவது முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டு வரிசைப் பட்டன் உள்ளது. ஆறு பட்டன், அதில் இரண்டு பூட்டுவது, முனை மேல்நோக்கிய அகலமான லேப்பல். பட்டன் பூட்டுகிற இடம் உங்கள் இடுப்பின் குறுகலான இடத்தில் வர வேண்டும், நீளம் பின்பக்கத்தை முழுதாக மூட வேண்டும். இன்று பாதிப் பின்பக்கம் தெரிய கோட்டு வெட்டுகிறார்கள். அந்த ஒரு குறை போதும், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் காலம் கலைந்துவிடும்.

கோட்டின் அக்குள் வளைவு சிறியதாக, உயரமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இறுக்குமே என்று தோன்றும். நேர்மாறு. வளைவு உயர இருந்தால் கையைத் தூக்கும்போது கை மட்டும் போகும், கோட்டு கூடவே எழும்பாது. வரவேற்பில் மணிக்கணக்காகக் கை குலுக்கி, தோளில் கை போட்டுப் படம் எடுக்கப் போகிறவருக்கு இது பெரிய உதவி.

கோட்டுக்கு விறைப்பு கொடுக்க உள்ளே வைப்பது தைத்த கேன்வாஸ் துணியா, பசை ஒட்டியதா என்று கேளுங்கள். மார்புப் பகுதியில் வெளித்துணியையும் உள்துணியையும் தனித்தனியாகக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தளர்வாக நகர்ந்தால் அது கேன்வாஸ். எல்லாம் ஒரே அட்டையாக வந்தால் ஒட்டியது. லேப்பல் உருண்டு விழுகிற அந்தப் பழைய அழகு கேன்வாஸில் மட்டுமே வரும். முழுக் கேன்வாஸ் தைக்கத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது, கூலியும் அதிகம். மார்பு வரை கேன்வாஸ் வைத்த பாதி வேலையாவது கேளுங்கள்.

துணியில் ஏமாறாதீர்கள். டெரிலின், டெரிகாட்டன் எல்லாம் நம் கடைகளில் பெருகியது 1960களில். அதற்கு முந்தைய காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் கம்பளி, லினன், கேபர்டின், பருத்தி. திருச்சியிலும் மதுரையிலும் சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் கம்பளியா என்று கேட்பீர்கள். மெல்லிய ட்ராபிகல் கம்பளி பாலியஸ்டரைவிடக் குளுமையானது, காற்று போகும். முதுகுக்கு லைனிங் போடாமல் தோள்வரை மட்டும் போடச் சொல்லுங்கள். கோட்டும் பேன்ட்டும் 58 இஞ்ச் அகலத்தில் மூன்றரை மீட்டர், உள்ளே வெயிஸ்ட்கோட் என்றால் முக்கால் மீட்டர் கூட. டபுள் ப்ரெஸ்டுக்கு வெயிஸ்ட்கோட் தேவையே இல்லை. அந்தப் பணத்தை நல்ல துணியில் போடுங்கள்.

நிறம்: தந்த வெள்ளை, சாம்பல், பழுப்பு, கருநீலம். அடர் மெரூன் வெல்வெட் கோட்டு எந்தத் தாத்தா படத்திலும் நான் பார்த்ததில்லை.

டை வாங்கும்போது அதன் அகலம் லேப்பலின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். நாலு இஞ்ச் லேப்பலுக்கு மூன்றரை இஞ்ச் டை. பேன்ட் மேலே ஏறிவிட்டதால் இன்றைய நீளமான டை கீழே தொங்கும். பின் வாலை உள்ளே செருகி முன்வால் இடுப்புப் பட்டியைத் தொடும்படி நிறுத்துங்கள்.

சூட் வேண்டாம், ஆனால் வேட்டியோடு கோட்டு வேண்டும் என்பவர்களுக்குக் க்ளோஸ் கோட் இருக்கிறது. கழுத்துவரை பட்டன், சின்ன நிற்கும் காலர், கீழே பஞ்சகச்சம், தோளில் அங்கவஸ்திரம். நூறு வருஷத்துக்கு முந்தைய வக்கீல்களும் வாத்தியார்களும் இப்படித்தான் இருந்தார்கள். இதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. எனக்குத் தைக்க மிகவும் பிடித்தது இதுதான். கறுப்பு ஆல்பாகா ரோமத் துணியில் கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் பட்டன் கூடத் துணி போர்த்திய மெல்லிய கறுப்புக் கம்பளி.

தோழர்களுக்கு

நண்பர்கள் எல்லாரும் மாப்பிள்ளை மாதிரியே உடுத்தினால் மாப்பிள்ளை யார் என்று தேட வேண்டிவரும். என் ஏற்பாடு இதுதான்: மாப்பிள்ளை டபுள் ப்ரெஸ்ட் என்றால் தோழர்கள் அதே காலத்துச் சிங்கிள் ப்ரெஸ்ட், மூன்று பட்டன், ஒரு பங்கு மங்கலான நிறம். அல்லது கோட்டே இல்லாமல் உயர இடுப்புப் பேன்ட், முழுக்கை வெள்ளைச் சட்டை, டை. செலவு பாதியாகும், படத்தில் காலம் கெடாது.

காலையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பஞ்சகச்சம் கல்யாணமானவர்கள் கட்டுவது என்பது அதைக் கட்டுகிற பல வீடுகளின் வழக்கம். மாப்பிள்ளையே அன்றைக்குத்தான் கட்டத் தொடங்குகிறார். கல்யாணமாகாத தோழர்கள் ஆறு பேரும் வரிசையாகப் பஞ்சகச்சத்தில் நின்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு 8 முழ வேட்டி, தட்டுச்சுற்று, வெள்ளைச் சட்டை, தோளில் மெல்லிய கரைத் துண்டு. மாப்பிள்ளைக்கு மயில்கண் என்றால் இவர்களுக்கு அதே அரக்கில் ஒற்றைக் கோட்டுக் கரை. ஒட்டும் பட்டை வைத்த வேட்டி தோழர்களுக்குப் பரவாயில்லை. ஓடியாடி வேலை செய்கிறவர்கள் அவர்கள்தானே.

துணியை எல்லாருக்கும் சேர்த்து ஒரே தானிலிருந்து, ஒரே நாளில் வெட்டி வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து வாங்கினால் அதே எண்ணில் வருகிற துணியும் சாயத்தில் மாறும். கடை வெளிச்சத்தில் தெரியாது, மண்டபத்துக் கேமராவில் பளிச்சென்று தெரியும்.

துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்கள் அளவை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்த எண்களை நான் நம்புவதில்லை. அவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையையும் பேன்ட்டையும் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். சட்டையை மேஜையில் விரித்து அளந்தால் தோள், நெஞ்சு, கை எல்லாம் சரியாகக் கிடைத்துவிடும். பேன்ட்டிலிருந்து தொடையும் நீளமும் எடுக்கலாம், உயர இடுப்பின் அளவை மட்டும் அவர்கள் தொப்புளில் டேப் வைத்து அளந்து அனுப்பட்டும்.

பருமனான தோழருக்கு இந்தப் பாணி கைகொடுக்கும். இன்றைய கீழிறங்கிய பேன்ட்டில் தொப்பை பட்டிக்கு மேலே பிதுங்கும். உயர இடுப்பும் ப்ளீட்டும் சஸ்பெண்டரும் சேர்ந்தால் துணி தொப்பையைத் தாண்டி நேராக விழும். ஒல்லியானவருக்குத் தோளில் மெல்லிய பேடிங் வைத்தால் போதும், உடம்பில் துணியைப் பிடிக்க வேண்டாம்.

மற்றவை

காலுக்கு, கயிறு கட்டுகிற கறுப்பு அல்லது பழுப்புத் தோல் ஷூ, முனை வட்டமாக. கூர்முனை வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போக முடிந்தால் தோல் அடித்தளம் வைத்தே வாங்கலாம். வேட்டிக்குத் தோல் செருப்பு.

கடிகாரத்தில் காலக் குழப்பம் நிறைய நடக்கிறது. எச்எம்டி பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது 1961ல். ஆகவே 60, 70களின் உடைக்கு எச்எம்டி ஜனதா அருமையான ஜோடி. 50களின் சூட்டுக்கு வீட்டில் ஃபேவர்-லூபாவோ வெஸ்ட் எண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டாலும் சாவி கொடுக்கிற கடிகாரத்தைச் சர்வீஸ் செய்து ஓடவைக்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

முடி வெட்டுவதைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் முடித்துவிடுங்கள். பக்கவாட்டில் மெஷின் போட்டு வழிக்கிற இன்றைய வெட்டு ஒன்றே முழு உடையையும் கெடுத்துவிடும். 50களுக்கு இடது வகிடு, எண்ணெய்ப் பளபளப்பு, பென்சில் மீசை. 70களுக்குக் காதை மூடுகிற முடி, நீளக் கிருதா. கிருதா வளர மாதம் ஆகும், முன்கூட்டியே யோசியுங்கள்.

தாத்தாவின் கோட்டையே போட்டுக்கொள்ளலாமா

போடலாம், தோள் பொருந்தினால். இடுப்பையும் பக்கங்களையும் பிரித்துத் தைக்கலாம். பழைய தையல்காரர்கள் உள்ளே ஒரு இஞ்சுக்குக் குறையாமல் துணி விட்டிருப்பார்கள். கை நீளத்தைக் கூட்டலாம். தோளை மட்டும் தொட முடியாது, தொட்டால் கோட்டை மறுபடி பிறப்பிக்கிற வேலை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி அரித்த துளை இருக்கிறதா பாருங்கள். அக்குள் துணியை இரு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், நூல் பிரிகிற சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட கோட்டை எனக்குக் கொடுத்தால் அதைப் பார்த்து அச்சு வெட்டி, அதே அளவில் புதுத் துணியில் தைத்துத் தருவேன். பழையதைப் பிரிக்காமலே அது நடக்கும்.

பழைய பட்டு வேட்டி மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கும். அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கிழியும். அதில் நல்லபடி இருக்கிற பகுதியை எடுத்து ஓரம் அடித்து அங்கவஸ்திரமாகத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாலையைக் கழுத்தில் வாங்குவதற்கு முன்னால் ஒருவர் அதை உதறிக் கொடுக்கட்டும். ஈர நாரும் ரோஜாச் சாயமும் வெண்பட்டில் இறங்கினால் போகாது. கல்யாணம் முடிந்த மறுநாளே வேட்டியை நிழலில் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பாச்சை உருண்டை ஜரிகையில் படாமல். கோட்டை அகலத் தோள் உள்ள ஹேங்கரில், பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுத் தொங்கவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேட்டியின் மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே கோட்டில் மடிந்து கிடக்கிற பட்டுத்தான் முதலில் விடுகிறது.